லொறிக் காம்பராவில் ஒரு ஜன்னல்

ஜனவரி 9, வியாழன்

விடியற்காலை மழை. பிறகு வெறும் மூடுபனி. பன்விலயிலிருந்து மேலே ஏறும்போது லொறி இரண்டு இடத்தில் மூச்சு வாங்கி நின்றது. பின்னால் ராணி உதைத்துக்கொண்டே வந்தாள். அந்தக் குதிரைக்கு இந்த வழி ஞாபகம் இருக்கிறது. எனக்கும்தான்.

கொண்டு வந்தவை: கம்பளி, சாக்குக் கட்டு, மூடியுள்ள வெறும் போத்தல்கள், மகள் சுதாவின் பழைய காலுறைகள், கருவாடு, தைலம், இந்தக் கொப்பி. மறந்தது: சீப்பு. ஐந்து நாள் பேய் மாதிரித் திரிய வேண்டியதுதான்.

ஏன் போகிறாய் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாரும் கேட்டார்கள். கேம்ப்பில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று குதிரை முதலாளி சொன்னார், தோட்டத்துக் குழந்தைகளை நான் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் லீவு கிடைத்தது, போகிறேன் என்றேன். அது ஊருக்குச் சொன்னது. உண்மை வேறு. போன வருஷம் இதே மாதம், இதே மேட்டில், இதே லொறியின் காம்பராவில் என் வீட்டுக்காரர் படுத்தார். காலையில் எழும்பவில்லை. இப்போது அவர் பார்த்த குதிரை வேலையை அவர் தம்பி சேகர் பார்க்கிறான். அதே பலகையில் படுக்கப்போகிறான். அவன் ஒவ்வொரு காலையும் எழும்ப வேண்டும். அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

லொறி மாறவில்லை. பின்பக்கம் இரண்டு குதிரைக்கு இடம், சுற்றிவரக் கம்பி, காற்று விசிறி அடிக்கும். ட்ரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் படுக்க ஒரு சின்னக் காம்பரா. பலகைக் கட்டில், சட்டை மாட்ட ஆணி, கைக்குட்டை அளவு ஜன்னல். கடுகண்ணாவையில் ஒரு கராஜ்காரர் கட்டியது. கதவுக்கும் ஜன்னலுக்கும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, "எறும்புகூட உள்ள போவாது தங்கச்சி" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டிச் சிரித்தேன், நல்ல வேலை என்று.

சேகர் (இனி சே. குளிரில் விரல் மடங்கவில்லை) சாமான் இறக்கினான். ஒரு மூட்டை சிரட்டைக்கரி. ஒரு பொட்டலம் சாம்பிராணி. எலுமிச்சங்காய். சிவப்புக் கயிறு. கடைசியாகத் தகரத்தை வெட்டிச் செய்த கரிச்சட்டி.

"இதெல்லாம் என்னத்துக்கு?"

"பூசாரி குடுத்தாரு அண்ணி. ராவு முச்சூடும் சாம்பிராணி புகையணும். கதவு ஜன்னல் ஒண்ணயும் தெறக்கக்கூடாது. தெறந்தா முனி உள்ள வந்துரும்."

பாத்திரம் கழுவிய தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், அவன் கரி மூட்டைக்குப் பக்கத்தில் தடுக்கி விழுந்தேன். முழு வாளியும் மூட்டைமேல். "ஐயோ, கண்ணு தெரியல" என்றேன். முழங்கால்தான் உண்மையாகவே சிராய்ந்துவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அட்டை கடித்த இடம் அரிப்பு.

கண் விழித்ததும் காது கொடுத்துக் கிடந்தேன். குதிரை கனைத்தது. வாளி உருண்டது. பிறகு சே. இருமினான். அப்புறம்தான் எழும்பினேன். ஒரு இருமலுக்கு இப்படி யாராவது சாமி கும்பிடுவார்களா?

நான் படுப்பது சமையல் கூடாரத்தில், பரீதா ராத்தாவோடு. கலகெதர மனுஷி, 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கி'. கேம்ப் சமையல் அவர் பொறுப்பு. போன வருஷமும் அவர்தான் இருந்தார். தொழுதுவிட்டு எனக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி தந்தார். "தலைய ஏன் இப்பிடிப் போட்டு ஈக்கி? இந்தாங்க, சீப்பு." எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகு முதல் சிரிப்பு.

வந்திருக்கிற வெள்ளைக்காரர்கள் நாலு பேர். குதிரையில் ஏறி மேலே போய்ப் பனியைப் படம் எடுக்கிறார்கள். பருப்பைத் தொடவில்லை. வாழைப்பழம்தான் ஓடுகிறது.

முனிக் கதை. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். அவரைத் தூக்கியபோது உடம்பில் காயம் இல்லை. முகம் வாடவில்லை. உதடு வெற்றிலை போட்ட மாதிரி சிவப்பு. "முனி அறைஞ்சா இப்பிடித்தான், ரத்தம் மொகத்துக்கு ஏறிரும்" என்று பூசாரி சொன்னார். தோட்டமே அதைப் பிடித்துக்கொண்டது.

கண்டியில் பிணத்தைச் சோதித்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னை ஒரு கதிரையில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து சொன்னார். "அம்மா, மூடின அறைக்குள்ள கரி எரிஞ்சிருக்கு. அதில வாற வாயுவுக்கு மணம் இல்லை. நித்திரையில இருக்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சிவப்பும் அதாலதான்." நோவு இருந்திருக்குமா என்று கேட்டேன். "இல்லை அம்மா" என்றார். அந்த "இல்லை"யை வைத்துத்தான் இந்த ஒரு வருஷம் ஓட்டினேன்.

சே.யிடம் இதைச் சொன்னேன், நூறாவது தரமாக.

"லயத்துல காலங்காலமா கரிச்சட்டி வைக்கிறோம். சுதா பொறந்தப்ப நீங்களே கட்டிலுக்குக் கீழ வச்சுக்கிட்டுத்தானே படுத்தீங்க? யாரு செத்தா?"

"லயத்துல கூரைத் தகரத்துக்கும் செவத்துக்கும் நடுவுல எலி குடும்பம் நடத்துதுடா. காத்து வரும், போவும். இதுல எறும்பு போவாதுன்னு அந்த மனுசனே சொன்னான்ல?"

"டாக்டருமார் ஆயிரம் சொல்வாங்க."

சுவரில் முட்டினால் சுவராவது கொஞ்சம் உதிரும்.

பின்னேரம் ஆற்றங்கரையில் உருண்டைக் கல் பொறுக்கினேன். வெளி அடுப்பில் சுட்டு, சாக்கில் சுற்றி, அவன் பலகைக்குக் கீழே வைத்தேன். ஈரக் கல் சூட்டில் வெடிக்கும் என்று ராத்தா சத்தம் போட்டதால் வெயிலில் காய்ந்து கிடந்தவையாகத் தேடி எடுத்தேன். போத்தல்களில் வெந்நீர், மேலே சுதாவின் காலுறை, கால்மாட்டில் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. பலகைமேல் சாக்கு, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் கம்பளி. குளிர் கீழே இருந்துதான் ஏறுகிறது. ஜன்னலை நான்கு விரல் நுழைய விட்டு, சாத்த முடியாதபடி ஒரு குச்சியைக் கொடுத்தேன்.

"என்னைய முட்டை அடகாக்க வச்சிருக்கீங்க" என்றான். கரி நனைந்துபோனதால் வேறு வழியில்லை அவனுக்கு.

ஜனவரி 11, சனி

குளிர். புல்லெல்லாம் வெள்ளை.

இருமினான். நன்றாகத் தூங்கினானாம், வேர்த்தே விட்டதாம். சரி, வழிக்கு வந்தான் என்று நினைத்தேன். ராணிக்குக் கொள்ளு வைத்துக்கொண்டே சொல்கிறான்: "சூட்டுக்குக் கல்லு சரி அண்ணி. முனிய வெரட்டுமா கல்லு? ஜன்னல்ல வச்ச குச்சிய நான் ராத்திரியே எடுத்துட்டேன்."

இந்த ஆளை என்ன செய்வது!

வெள்ளைக்காரர்கள் இறைச்சி சுடுவதற்கென்று மேலே கரி வந்திருக்கிறது. கடைக் கரி, நல்லாக் காய்ந்தது. அதில் ஒரு பையை சே. வாங்கிக் காம்பராவுக்குள் வைத்துவிட்டான். எடுக்கப் போனேன். கையைப் பிடித்தான். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாதவன்.

"அப்ப எங்கண்ணன் மடத்தனத்துல செத்தாருங்கிறீங்களா? நெருப்புதான் கொன்னுச்சுங்கிறீங்களா? சொல்லுங்க!"

கண்ணெல்லாம் சிவந்து, உதடு துடித்து. அவன் பயப்படுகிறான் என்று தெரிந்தது. முனிக்கு இல்லை. நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று.

மத்தியானம் வெங்காயம் உரிக்கும்போது ராத்தாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒங்களுக்குத் தெரியாதா? நான் தெரியும்னுதான் நெனச்சிக்கிட்டு ஈந்தேன். போன வருஷம் அவனும் ஒதவிக்கு வந்து ஈந்தானே. இந்த அடுப்புலதான் நெருப்ப அள்ளி, சட்டில போட்டு, அவன்தான் கொண்டு போய்க் குடுத்தான். 'அண்ணே, குளிருது, உள்ள வச்சுக்க'ன்டு. ஜன்னலயும் அவன்தான் வெளியால இழுத்துச் சாத்தினான். பாவம், சின்னப் புள்ள மாதிரி ஓடி ஓடிச் செஞ்சான்."

வெங்காயத்தை உரித்து முடித்தேன். நறுக்கினேன். தாளித்தேன். யாரோ செய்கிற மாதிரி இருந்தது.

அதே நாள், பொழுது இறங்குகிறது

அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஒரு வருஷம் என் வீட்டில் சோறு தின்றான். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். சாவு வீட்டில் என்னைவிடச் சத்தமாக அழுதான். வாய் திறந்தானா?

லொறிக்குப் பக்கத்தில் கரிச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். இங்கிருந்து தெரிகிறது. கரியை ஒவ்வொன்றாக அடுக்குகிறான், எலுமிச்சங்காயை நறுக்குகிறான். இன்றைக்கு நான் தடுக்கவில்லை என்றால் நடக்கப்போவது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

மூட்டட்டும்.

எழுதிவிட்டேன். என் கையெழுத்துதான் இது.

மூட்டட்டும், எனக்கென்ன. நான் போய்ப் படுக்கிறேன். காலையில் இருமல் கேட்காவிட்டால் கேட்காமல் போகட்டும்.

ராணி பலகையை உதைக்கிறாள். போன வருஷமும் இப்படித்தான் உதைத்துக்கொண்டே இருந்தாளாம். குதிரைக்குக் குளிர் என்று எல்லாரும் படுத்துவிட்டார்களாம்.

ஜனவரி 12, ஞாயிறு

இருமினான்.

நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். கொப்பியை மூடிவிட்டுப் படுக்கத்தான் போனேன். சுண்டு விரல்கூட நகராமல் கிடந்தேன். ராணி உதைத்தாள். மறுபடி உதைத்தாள். சீ, என்ன ஜென்மம் நான் என்று எழும்பி, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அவன் அடுப்பிலிருந்து தணலை அள்ளப் போகிற நேரம்.

நாயமாகப் பேச வாய் வரவில்லை. டொக்டரைப் பற்றிச் சொன்னால் அவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீதான் கொன்றாய். அதை அவன் எப்படி ஏற்பான்? முனியை விட்டால் அவனுக்கு வேறு ஒதுங்க இடமே இல்லை. ஓடும்போதே இது விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம் கால்வாசிதான் மிச்சம். அந்தக் கால்வாசி இன்னும் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் அவனிடம் பொய் சொன்னேன். நல்லா வாய் கூசாமல்.

"சேகரு, ஒங்கண்ணன் கனவுல வந்தாரு."

அகப்பை கையோடு நின்றுவிட்டான்.

"ஜன்னலுக்கு வெளியில நிக்கிறாரு. தெவசம் வருதுல்ல, ஒன்னையப் பாக்கணுங்கிறாரு. எல்லாத்தையும் அடைச்சு, நெருப்பையும் வச்சுக்கிட்டு, சாம்பிராணியும் போட்டா நான் எப்பிடிப் புள்ள உள்ள வாறதுன்னு கேக்குறாரு."

"முனி வந்திட்டா அண்ணி?"

"ஒங்கண்ணன் நிக்கிற எடத்துக்கு முனி வருமா? அவரு போடுற சத்தத்துக்குக் கங்காணியே கிட்ட வர மாட்டான்."

சிரித்தானா அழுதானா தெரியவில்லை. அகப்பையைப் போட்டான். அடுக்கிய கரியில் தண்ணீரை அவனே ஊற்றினான். கதவுக்கு மேலே கட்டின சிவப்புக் கயிற்றை மட்டும் விட்டுவிட்டான், இருக்கட்டும், கயிறு யாரையும் கொல்லாது. ஜன்னலை முழுசாகத் திறந்தான். ஓரத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்தான். சீனி அள்ளிப் போட்டு, அவர் குடிக்கிற மாதிரி. நான் கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். போத்தலுக்குக் காலுறை மாட்டிக் கொடுத்தேன்.

காலையில் கோப்பை கவிழ்ந்து கிடந்தது. குரங்கு. நான் குரங்கைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பின்னேரம் மழை. துணி காயவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒன்று என் கையில் பிஸ்கட் பெட்டியைத் திணித்தது, ஏனென்று தெரியாது.

ஜனவரி 13, திங்கள்

மூடுபனி, எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. இன்று இறங்குகிறோம்.

இருமல் கேட்கவில்லை.

கேட்கவில்லை, கேட்கவில்லை, எழும்பி ஓடினேன், ராத்தா பின்னாலேயே ஓடி வந்தார். காம்பராக் கதவு திறந்து கிடக்கிறது. பலகையில் ஆள் இல்லை. கம்பளி மடித்து வைத்திருக்கிறது. லொறிக்குப் பின்னால் போனால், நிற்கிறான், ராணிக்கு முதுகு தேய்த்துக்கொண்டு. "அடேய் நாசமாப்போறவனே!" என்று கத்திவிட்டேன். ராத்தா அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே திரும்பிப் போனார்.

அவன் திரும்பவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணன் வந்தாரு அண்ணி."

"ம்."

"விடியப்பக்கம். ஜன்னல்ல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. பனியா இருந்துச்சு, மொகம் சரியாத் தெரியல. கொரல் அவருதுதான்."

"என்ன சொன்னாரு?"

பிரஷ் மட்டும் போய் வந்தது.

"கோவமில்லடான்னாரு. நான் குளிருல கெடக்கக்கூடாதுன்னுதானே குடுத்தன்னாரு." பிறகு என் பக்கம் திரும்பினான். முகம் முழுக்கத் தண்ணீர். "அண்ணி, போன வருசம் அந்த நெருப்ப நாந்தான்..."

"தெரியும்."

"ஜன்னலயும்..."

"தெரியும்டா. வாளிய எடு. குதிரைக்குத் தண்ணி வை."

வாளியை எடுத்துக்கொண்டு போனான். தோள் குலுங்கியது. கூப்பிட்டு அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ராணியின் கழுத்தில் சாய்ந்துகொண்டு நின்றேன். சூடாக இருந்தாள்.

சாமான் ஏற்றும்போது பார்த்தேன். கரிச்சட்டியைக் காணோம். ஆற்றில் போட்டிருப்பான்.

ஜனவரி 14, செவ்வாய்

வீடு. பொங்கல். தெவசம் முடியாததால் எங்களுக்குப் பானை இல்லை. பக்கத்துக் காம்பராவில் பால் பொங்கிச் சத்தம் போட்டார்கள். சுதாவுக்குக் கரும்பு கொடுத்தார்கள். சே. குளித்து, திருநீறு பூசி, ஒரு வருஷத்தில் முதல் தரமாக இரண்டாம் முறை சோறு கேட்டான்.

துவைத்தது: கம்பளி, காலுறைகள். முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டது. ராத்தாவின் சீப்பு என் பையில் வந்துவிட்டது, கொடுத்தனுப்ப வேண்டும்.

நாளெல்லாம் ஒரே நினைப்பு. அந்தக் கனவு நான் கட்டியது. ஒரு எழுத்துக்கூட உண்மை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவனிடம் இவர் வந்துவிட்டார். கோபமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்ட எனக்கு? ஒரு வருஷமாக ஒரு கனவு இல்லை, ஒரு நிழல் இல்லை. லொறிக் காம்பராவுக்கு வந்தவர் சமையல் கூடாரம் வரைக்கும் நடக்க என்ன கேடு? பொறாமைதான். இருந்தால் இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

சுதா விளக்கை அணைக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"அம்மா, ஜன்னல ஏன் தெறந்து வச்சிருக்கீங்க? பனி அடிக்குது. கரிச்சட்டி வைக்கட்டுமா?"

"அந்தப் பேச்சே வேணாம் இந்த வீட்டுல. போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி வச்சிருக்கேன், எடுத்துக்க."

"அப்ப சாத்திரவா?"

"தெறந்தே கெடக்கட்டும்."

ஜன்னல் ஓரத்தில் இருந்த கோப்பையையும் பார்த்தாள். கேட்கவில்லை. நல்ல பிள்ளை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது. ஆறினது அவருக்குப் பிடிக்காது. எழும்பி வேறு ஊற்றி வைக்க வேண்டும்.